இடது காட்டர்

“மிதிக்கும்போது டக்குடக்குனு சத்தம் வருதுண்ணே” என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் உடனே எதையும் கேட்பதில்லை. வலது கிராங்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கிராங்கை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். செயின் வீலும் செயினும் இழுப்பும் எல்லாம் வலது பக்கத்தில் இருக்க, வெறும் பெடல் மட்டும் தொங்குகிற இடது பக்கம் ஏன் முதலில் தளர்கிறது? தொழிலுக்கு வந்த புதிதில் என்னை நெடுநாள் அலைக்கழித்த கேள்வி இது. மாமாவுக்குப் பதில் தெரியாது. ஆனால் இடது பக்கத்துக் காட்டரை எப்போதும் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடுதான் அடிப்பார்.

புதுக்கோட்டையில் மாமா நடத்தியது வாடகை சைக்கிள் கடை. எல்லாம் கறுப்பு வண்டிகள், எல்லாவற்றிலும் காட்டர் போட்ட கிராங்க். காட்டரைப் பார்க்காத தலைமுறை வந்துவிட்டதால் அதைக் கொஞ்சம் விவரித்துவிடுகிறேன். இரண்டு கிராங்குகளையும் இணைக்கிற பி.பி. அச்சு உருண்டையான எஃகுத் தண்டு, 16 மி.மீ. கனம். அதன் இரு முனைகளிலும் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். கிராங்கின் தலையில் அச்சு நுழைய ஒரு துளை, அதற்குக் குறுக்கே காட்டர் நுழைய இன்னொரு துளை. காட்டர் என்பது 9.5 மி.மீ. கனமுள்ள ஒரு முளை. அதன் ஒரு பக்கம் சரிவாகப் பட்டை சீவியிருக்கும், மறுமுனையில் மரையும் நட்டும் இருக்கும். குறுக்குத் துளை வழியாக அடித்து இறக்கினால், சரிந்த பட்டை அச்சின் பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். அவ்வளவுதான். மனிதனின் முழு எடையும் இந்தச் சிறு ஆப்பின் மேல்தான் நிற்கிறது.

எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஆள் பாலம் ஏறும்போது சீட்டிலிருந்து எழுந்து ஒற்றைக் காலில் நிற்கிறார். கிராங்கின் நீளம் 170 மி.மீ. படுக்கை மட்டத்தில் இருக்கும் கிராங்கில் அவர் நின்றால் அச்சுக்குக் கிடைக்கும் முறுக்கு சுமார் 117 நியூட்டன் மீட்டர். 170 மி.மீ. தள்ளி 70 கிலோவாக இருந்தது, அச்சின் நடுவிலிருந்து 8 மி.மீ. தூரத்துக்கு வரும்போது ஒன்றரை டன் ஆகிவிடுகிறது. காட்டரின் பட்டை அந்த 8 மி.மீ.க்கும் உள்ளே உட்காருவதால் உண்மையில் இன்னும் அதிகம். அப்படி எழுந்து நின்று மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை டன். பின்னால் அரிசி மூட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் உச்சம், ஏனென்றால் மிதிப்பது மனிதன்தான். மூட்டை இருந்தால் அந்த உச்சம் அடிக்கடி வரும்.

இத்தனை விசையைத் தாங்குவது காட்டரின் கனம் அல்ல, அதன் பட்டை அச்சோடு எவ்வளவு இடத்தில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். கடையில் வாங்கிய காட்டரை அப்படியே அடித்து இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மனது தாங்காது. மாமா சொல்லிக்கொடுத்த முறை வேறு. முதலில் காட்டரைக் கையால் நுழைத்து லேசாக ஒரு தட்டு. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அச்சு தொட்ட இடம் மட்டும் பளபளவென்று தெரியும். ஒரு ஓரத்தில் மட்டும் கோடாக மின்னினால் பட்டையின் சாய்வு பொருந்தவில்லை என்று அர்த்தம். அரத்தை எடுத்து மின்னிய இடத்தை மட்டும் ராவ வேண்டும். மறுபடி நுழை, தட்டு, எடு, பார். கோடு பட்டையாக அகலும். பள்ளத்தின் முழு நீளத்துக்கும் மினுமினுப்பு பரவிய பிறகுதான் கடைசி அடி. அப்போதுகூட கிராங்கின் அடியில் கனமான இரும்பால் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சுத்தியலைத் தூக்குவோம். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடி அச்சு வழியாகப் பால்ரஸுக்குப் போய், கப்பில் குழி விழுந்துவிடும். பிறகு அச்சு உருளும்போது நெருடும்.

நட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். நட்டை ஸ்பேனரால் முறுக்கியே காட்டரை உள்ளே இழுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அதன் மரையை உருவிவிடுவார்கள். “நட்டு இழுக்குறதுக்கு இல்லடா, அடிச்சது வெளிய வராம பாத்துக்குறதுக்கு” என்பார் மாமா. புதுக் காட்டர் போட்ட வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லி, இன்னொரு அடி கொடுத்து, நட்டைத் திரும்ப இறுக்குவார். அந்த இரண்டாவது அடியில் காட்டர் மயிரிழை அளவு இறங்கும். அந்த மயிரிழையைத்தான் நாம் தேடுகிறோம். இரண்டு காட்டரையும் எதிரெதிராகப் போட வேண்டும் என்பதும் பாலபாடம். பெடல்கள் படுக்கை மட்டத்தில் நிற்கும்போது ஒன்றின் நட்டு மேலேயும் மற்றதன் நட்டு கீழேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது, மிதிக்கிறவருக்கு நொண்டுவது போலிருக்கும்.

இப்போது இடது பக்கத்துக்கு வருகிறேன். வலது கால் மிதிக்கும் விசை வலது கிராங்கிலிருந்து நேராகச் செயின் வீலுக்குப் போய்விடும். அச்சை அது முறுக்குவதே இல்லை. இடது கால் மிதிப்பதோ இடது கிராங்க், இடது காட்டர், அச்சு, வலது காட்டர் என்று சுற்றிக்கொண்டுதான் செயினைச் சேர வேண்டும். அப்படியானால் இரண்டு காட்டருக்கும் ஒரே முறுக்குதானே? ஆமாம், ஒரே முறுக்குதான். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. வலது காட்டர் அந்த முறுக்கை வாங்கும்போது வலது காலின் பாரம் பெரும்பாலும் அதன் மேல் இருக்காது. வலது காலின் பாரம் வரும்போது முறுக்கு இருக்காது. இடது காட்டருக்கு மட்டும் காலின் பாரமும் அச்சின் முறுக்கும் ஒரே நொடியில் சேர்ந்து வருகின்றன. கிராங்கைக் கீழ்நோக்கி வளைக்கிற விசையும், அச்சைச் சுற்றித் திருப்புகிற விசையும் ஒரே பட்டையின் மேல்.

இதோடு முடியவில்லை. வண்டி இறக்கத்தில் ஓடும்போது, வேகத்தடை வரும்போது, மிதிக்காமல் இரண்டு பெடலிலும் எழுந்து நிற்போம் அல்லவா? அப்போது வலது காலை முன்னால் வைத்து நிற்கிற பழக்கம் உள்ளவருக்கு இடது கிராங்க் பின்னால் இருக்கும். அதன்மேல் விழும் எடை அச்சைப் பின்பக்கமாக முறுக்கும். இத்தனை நேரம் முன்பக்கமாக வாங்கிய பட்டை இப்போது எதிர்ப்பக்கமாக வாங்குகிறது. தளர்ந்த காட்டரைக் கழற்றினால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பட்டையின் இரண்டு முனைகளிலும் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கும். ஒன்று மிதித்ததால் வந்தது, மற்றது நின்றதால் வந்தது. நடுவில் ஒரு மேடு. இந்த இரண்டு பள்ளங்களுக்கும் இடையில் அச்சு ஆடுவதைத்தான் நாம் டக்குடக்கு என்று கேட்கிறோம்.

எங்கள் வாடகை வண்டிகளில் இது இன்னும் மோசம். காரணம் அரைப் பெடல். குரங்குப் பெடல் போடும் பிள்ளைகள் பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, முழுச் சுற்றுக்குக் கால் எட்டாமல், பாதி மிதித்துப் பாதி திரும்புவார்கள். வலது பெடலைக் கீழே மிதிப்பார்கள். பிறகு பின்னால் நிற்கும் இடது பெடலை அமுக்கி வலது பெடலைத் திரும்ப மேலே தூக்குவார்கள். அந்த அமுக்கு முழுக்க எதிர்த்திசை முறுக்கு. முழுச் சுற்று மிதிக்கிற பெரியவருக்கு எப்போதாவது வருவது, அரைப் பெடல் போடுகிற பிள்ளைக்கு ஒவ்வொரு மிதிக்கும் வருகிறது. பெரிய ஆட்கள் ஏறி மிதித்த வண்டியை விட இந்தப் பிள்ளைகள் ஓட்டிய வண்டியில்தான் காட்டர் சீக்கிரம் போனது என்பதற்கு இப்படித்தான் பின்னாளில் எனக்கு விளக்கம் கிடைத்தது. எடை முக்கியம்தான். அதைவிட முக்கியம் திசை மாறுவது.

1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். கல் குவாரிகளில் வேலை பார்த்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், தண்ணீர்க் குடம் கட்டிக்கொண்டு போனவர்கள் என்று ஊரே மிதித்தது. பார் வைத்த ஆண்கள் வண்டியையே விரும்பி எடுத்த பெண்கள் நிறைய. முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே. அந்த வண்டிகளின் காட்டரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது எனக்குக் குறைதான். குக்கிராமத்தில் காட்டர் தளர்ந்தால் ஓர் அரமும் ஒரு சுத்தியலும் போதும், வண்டி அன்றைக்கே ஓடும். காட்டரைப் பழங்காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த நற்குணத்தையும் சேர்த்து எடை போட வேண்டும் என்பது என் கட்சி. காட்டரில் தேய்வது காட்டர்தான், அச்சும் கிராங்கும் பிழைத்துக்கொள்ளும். சில ரூபாய் சாமான் தன்னைக் கொடுத்து விலை கூடிய சாமானைக் காப்பாற்றுகிறது.

அடுத்து வந்த காட்டர்லெஸ் வண்டிகளில் அப்படி இல்லை. அச்சின் முனை சதுரம். ஒவ்வொரு முகமும் 2 டிகிரி சாய்வாகக் குறுகிக்கொண்டு போகும். கிராங்கின் சதுரத் துளையை அதன்மேல் வைத்து ஒரு போல்ட்டால் இறுக்கினால் கிராங்க் ஏறி உட்காரும். முன்பு ஒரே பட்டையில் விழுந்த ஒன்றரை டன், இங்கே நான்கு முகங்களுக்குப் பிரிந்து விழுகிறது. ஆனால் முகம் முழுவதும் பரவி விழுவதில்லை. சதுரத்தைச் சதுரத் துளைக்குள் திருப்பினால் மூலைப் பக்கம்தான் முதலில் இடிக்கும். அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். இடிபடும் மூலையில் விட்டுக்கொடுப்பது அலுமினியம்தான்.

அப்படியானால் அது எப்படித் தாங்குகிறது? போல்ட்டை இறுக்கும்போது அலுமினியம் விரிந்து கொடுத்து எஃகை நான்கு பக்கமும் பிழிந்து பிடிக்கிறது. மிதிக்கும்போது ஒவ்வொரு முகத்திலும் ஒரு பாதியில் அந்தப் பிடி கூடும், மறு பாதியில் குறையும். குறைகிற பாதியில் பிடி முற்றிலும் அற்றுப்போகாத வரைக்கும் அங்கே இடைவெளி விழாது. இடைவெளி விழாவிட்டால் எதிர்த்திசை முறுக்கு வந்தாலும் ஆட்டம் இல்லை. ஆக இந்த இணைப்பைக் காப்பது சதுரம் என்ற வடிவத்தைக் காட்டிலும், முன்கூட்டியே பிழிந்து வைத்த அந்தப் பிடிதான். போல்ட்டுக்குச் சுமார் 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். 20 செ.மீ. கைப்பிடியின் முனையில் 20 கிலோ கொடுக்கிற அளவு. பாதி இறுக்கிவிட்டு ஓட்டினால் ஒரே வாரத்தில் துளை வட்டமாகத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கிராங்க் ஓட்டுகிறவரின் காலடியிலேயே மறுபடி தளரும். கிராங்கை மாற்றுவதைத் தவிர வழி கிடையாது. இதைச் சொல்லும்போது வாடிக்கையாளர் முகம் சுருங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். “ஒரு போல்ட்டு லூசானதுக்கா கிராங்கே போச்சு?” என்பார்கள். நியாயமான கேள்வி. ‘லூசா இருக்கு’ என்று தெரிந்த இடத்திலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சதுரத்தின் மூலை இடிப்பைத் தீர்க்கத்தான் 1990களின் பிற்பகுதியில் பல் வைத்த அச்சுகள் வந்தன. ஷிமானோ கொண்டுவந்த ஆக்டாலிங்கில் 8 பற்கள். அச்சும் பருத்து உள்ளே குழலானது. பற்கள் நடுவிலிருந்து 11 மி.மீ. வாக்கில் தள்ளி நிற்பதால், அதே 117 நியூட்டன் மீட்டர் ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 135 கிலோவாகக் குறைந்துவிட்டது. தண்டின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் முறுக்கைத் தாங்கும் பலம் 8 மடங்கும், முறுக்கில் வளையாத விறைப்பு 16 மடங்கும் ஆகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நடுப்பகுதி முறுக்கை அதிகம் சுமப்பதில்லை, அதனால் குழலாக்கினாலும் பெரிய நட்டமில்லை. காகிதத்தில் எல்லாம் அருமை. ஆனால் சட்டத்தில் அச்சு போகிற கூடு பழைய அளவிலேயே இருந்தது, 1.37 அங்குல மரை. அதற்குள் அச்சு பருத்தால் பால்ரஸ் சிறுக்க வேண்டும். கறுப்பு வண்டியில் கால் அங்குலப் பால்ரஸ் சுகமாக உருண்ட இடத்தில், பொடிப் பால்ரஸ்கள் நசுங்கித் தேய்ந்தன. 10 பற்களோடு வந்த ஐசிஸ் அச்சுகளுக்கும் இதே கதி. இணைப்பு பிழைத்தது, பேரிங் செத்தது.

2003 வாக்கில் ஹாலோடெக் 2 வந்தபோதுதான் இந்த இட நெருக்கடி தீர்ந்தது. பேரிங்கைக் கூட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, 24 மி.மீ. குழல் அச்சை உள்ளே விட்டார்கள். வலது கிராங்க் அச்சோடே வரும், இடது கிராங்கைப் பற்களின் மேல் ஏற்றிப் பக்கத்திலுள்ள இரண்டு போல்ட்டுகளால் கவ்வ வேண்டும். அந்தக் கவ்வலைப் பார்த்ததும் எனக்கு மாமாவின் இரண்டாவது அடி நினைவுக்கு வந்தது. பல் எத்தனை இருந்தாலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடம் இருந்தால் எதிர்முறுக்கில் ஆடும். அந்த மயிரிழையை மூடத்தான் அந்த இரண்டு போல்ட். ஒவ்வொன்றுக்கும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர். இரண்டையும் மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா இணைப்பும் முறுக்கைத் தாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. ஹேண்டில்பார் தண்டு போர்க் குழலுக்குள் வெறும் உருண்டைக்குள் உருண்டையாகத்தான் இறங்குகிறது. பல்லும் கிடையாது, பட்டையும் கிடையாது. அடியில் ஒரு கூம்பு, அதை மேலே இழுக்கிற நீளப் போல்ட், அதனால் வரும் உராய்வு மட்டுமே பிடி. வண்டியோடு விழுந்து எழுந்தால் ஹேண்டில் ஒருபக்கம் திரும்பியிருக்கும். முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு நேராக்கிவிட்டு ஓட்டிப் போவோம். அங்கே சதுரம் வைத்திருந்தால் திரும்ப முடியாமல் போர்க்கோ தண்டோ கோணியிருக்கும். எந்த இடத்தில் வழுக்க விட வேண்டும் என்று தெரிந்து வைத்த வடிவம் அது. அந்தப் போல்ட்டைக் கையில் கிடைத்த நீள ஸ்பேனரால் முறுக்கியெடுப்பவர்கள் இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக் கெடுப்பதோடு, போர்க் குழலையும் உப்ப வைத்துவிடுகிறார்கள். சீட்டுத் தண்டும் இதே வகைதான். அதற்குக் கிரீஸ் தடவாமல் மழையில் விட்டால் துரு பிடித்து, பிறகு உராய்வு எவ்வளவு பலமானது என்று நமக்குப் பாடம் எடுக்கும்.

மரை இணைப்புகள் தனிச் சாதி. முறுக்கு வருகிற திசையே அவற்றை இறுக்கும்படி வெட்டிவிட்டால் வேறு பிடியே தேவையில்லை. பின்சக்கர ஹப்பில் ஃப்ரீவீல் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. மிதிக்க மிதிக்க இறுகும், கழற்றும்போது நமக்கு முதுகு ஒடியும். இடது பெடலுக்கு எதிர்மரை வைத்திருப்பதும் தளராமல் இருக்கத்தான். ஆனால் அங்கே இறுக்குவது பெடல் சுழலும் திசை அல்ல. வளையலுக்குள் பென்சிலை விட்டு ஓரத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனால், பென்சில் சுற்றும் திசைக்கு எதிராகத் தன்னைத்தானே உருட்டிக்கொள்ளும். காலின் பாரம் பெடல் மரையை அப்படித்தான் துளைக்குள் உருட்டிக்கொண்டே இருக்கிறது.

இப்போது கடைக்கு வருகிற புது வேலை பேட்டரி கிட். பழைய வண்டியின் பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, ஹப்பிலேயே 250 வாட் மோட்டார் வைத்த சக்கரத்தைப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். சாதாரணச் சக்கரத்தில் அச்சுக்கு முறுக்கே கிடையாது, அது சும்மா தாங்கிக்கொண்டு நிற்கும். மோட்டார் சக்கரத்தில் கதை தலைகீழ். சக்கரத்தை எவ்வளவு விசையோடு முன்னே தள்ளுகிறதோ அவ்வளவு விசையோடு அச்சைப் பின்னே திருப்பும். அந்த அச்சு 12 மி.மீ. உருண்டை, இரண்டு பக்கமும் சீவி 10 மி.மீ. பட்டையாக்கியிருப்பார்கள். சட்டத்தின் வாயில் அந்தப் பட்டை உட்காரும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு பட்டையின் நீளமும் 6.6 மி.மீ. தான். மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், எதிரெதிர் மூலைகளில் 600 கிலோ வீதம் விழுகிறது. மெல்லிய தகடாக இருக்கும் சட்டத்தின் வாயை அது விரித்துவிடும். விரிந்த வாய்க்குள் அச்சு சுற்றிக்கொள்ளும், அதோடு அச்சின் வழியாக வரும் வயரையும் முறுக்கிப் பிய்த்துவிடும். பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்புகிற மோட்டார் என்றால் முறுக்கு எதிர்த்திசையிலும் வரும். அரைப் பெடல் பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள்!

இதற்கு டார்க் ஆர்ம் என்று ஒரு தகடு உண்டு. அச்சின் பட்டையைக் கவ்விக்கொண்டு, இன்னொரு முனை சட்டத்தின் தண்டோடு சேரும். 6.6 மி.மீ.யில் 600 கிலோவாக இருந்தது, 10 செ.மீ. தள்ளிச் சட்டத்தைத் தொடும்போது 40 கிலோவாக இறங்கிவிடும். கிட்டோடு வருகிற தகடுகளில் துளை பெரும்பாலும் அச்சை விடப் பெரிதாக இருக்கிறது. கையால் போட்டுப் பார்த்தாலே ஆடும். அப்படிப்பட்டதை நான் மாட்டுவதில்லை. 6 மி.மீ. எஃகுத் தகட்டில் துளையைச் சிறிதாகவே போட்டு, அச்சின் பட்டைக்கு ஏற்ப அரத்தால் ராவி, சுத்தியலால் தட்டினால்தான் ஏறும் என்கிற அளவுக்குக் கொண்டுவருகிறேன். தட்டி ஏற்றி, திரும்ப எடுத்து, எங்கே மின்னுகிறது என்று பார்த்து, மறுபடி ராவுகிறேன். “இதுக்கு எதுக்குண்ணே இவ்ளோ நேரம்?” என்று கேட்கும் தம்பிகளிடம், ஒரு வாரம் ஓட்டிவிட்டு நட்டை இறுக்க வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன்.